மாமன் மடி

கண்ணு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். எழுத வரவில்லை. யாழினிக்குச் சளி விட்டுவிட்டது, அப்பா எப்போது வரும் என்று கேட்கிறாள். கவிதா ஒழுங்காக வேலைக்குப் போய் வருகிறாள். வெள்ளாட்டுக் குட்டி இரண்டும் பால் மறந்துவிட்டன. நலமில்லாதது நான் ஒருத்திதான். புது வேலைக்கென்று நீ போய்த் தங்கியிருக்கிற பெருமாநல்லூர் ரூமிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னது அன்றிலிருந்து என் காதிலேயே நிற்கிறது. "மாத்திரையெல்லாம் நிறுத்திட்டேம்மா. எனக்குத்தான் செரியாயிருச்சே. ஞாயித்துக்கெழம மட்டும் ரூம் பசங்களோட ஒண்ணே ஒண்ணு இழுக்கறேன். ஒரு கஞ்சாப் பீடியில என்ன ஆயிரப் போவுது?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் "அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய்.

அதனால்தான் கடிதம். இதை நீ பாதியில் வைக்க முடியாது. இதில் முப்பத்து நாலு வருஷமாக, இந்தத் திங்கட்கிழமை வரைக்கும், நான் ஒருத்தரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் அப்பா கண்ணை மூடும் வரைக்கும் அவரிடமும் சொல்லவில்லை. நீ அந்த ஒண்ணே ஒண்ணை இழுக்கலாமா கூடாதா என்பது அதில்தான் இருக்கிறது. ஆனால் நேராக அங்கே போக எனக்குத் தைரியம் போதவில்லை. உன் காதுகுத்திலிருந்து வருகிறேன், பொறுத்துக்கொள்.

உனக்கு ஐந்து வயது. நம்முடைய வழக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். உன்னை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது என் பெரியப்பா மகன். ஆசாரி ஊசியை எடுக்கப் போகிறார், நீ கூரை அதிர அழுதுகொண்டிருக்கிறாய், அந்த நேரம் பார்த்து உன் அத்தை சபை நடுவில் கேட்டாள்: "ஏனுங்க அண்ணி, கூடப்பொறந்த மாமன் இருக்கறப்ப வேற மடியிலயா உக்கார வெப்பாங்க?" என் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. "அவனுக்கு பெங்களூர்ல வேல. லீவு கெடைக்கல" என்றேன். அன்றைக்கு அவள் கட்டியிருந்த கிளிப்பச்சைச் சேலையும், அதன் முந்தானையில் ஒட்டியிருந்த சந்தனமும் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து அவள் வீட்டில் நான் தண்ணீருக்கு மேல் ஒன்றும் வாங்கிக் குடித்ததில்லை.

அழுதுகொண்டிருந்த நீ அதைக் கேட்டிருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உன் அப்பாவிடம் போய், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏனுங்க அண்ணி" என்று அத்தை மாதிரியே ஆரம்பித்து ஒரு சொல் விடாமல் சொன்னாய். தலையை அவள் சாய்க்கிற மாதிரியே சாய்த்தாய். உன் அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அன்றிலிருந்து நீதான் எனக்குச் சாட்சி. சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் நமக்குப் பந்தியில் பாயசம் விட்டுப்போனது, மில்லுக்காரர் பெண்டாட்டி பஸ்ஸில் என்னைப் பார்த்தும் பார்க்காதது போல் திரும்பிக்கொண்டது, எதற்கும் உன்னைத்தான் கூப்பிடுவேன். "அம்மா பொய் சொல்றாளா, நீ சொல்லு கண்ணு." நீ சொல்வாய். தேதியும் கிழமையும் சேர்த்துச் சொல்வாய். "தாயும் மகனும் சேந்துட்டா கோர்ட்டே தோத்துரும்" என்று உன் அப்பா சொல்வார். ஒரு குழந்தையை அப்படி வளர்த்திருக்கக் கூடாதுதான். ஆனால் அந்த மண்டையில் எது போனாலும் போனபடியே இருக்கும் என்பது எனக்கு எத்தனை பெருமை.

பனியன் கம்பெனியிலும் அப்படித்தான். நான் செக்கிங் டேபிளில் பிசிறும் ஓட்டையும் பார்த்து டேமேஜ் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்த அதே கம்பெனியில் நீ கட்டிங்குக்கு வந்தாய். "அக்கா, உங்க பையன் அளவு சார்ட்டை ஒருக்காத்தான் பாக்கறான். அப்பறம் திரும்பறதே இல்லை" என்று ஆர்டர் கணக்குப் பார்க்கிற மெர்ச்சண்டைசர் பொண்ணு வந்து சொல்லும். ஐந்து சைஸுக்கும் நெஞ்சளவு, தோள், கழுத்து எல்லாம் நீ பார்க்காமல் சொல்வாய். நான் குனிந்து துணியைப் பார்க்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

இனி என் முதல் தப்பைச் சொல்கிறேன். உனக்குப் பதினேழு வயது. துவைக்கப் போட்ட பேண்ட் பையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்தால் காய்ந்த இலைத் தூள். அந்த வாரம்தான் நீ கூட்டாளிகளோடு முனியப்பன் கோயிலுக்குப் போய் வந்திருந்தாய். நம் முனியப்பனுக்குச் சுருட்டு வைத்துப் படைப்பது வழக்கமல்லவா, பூசாரி ஏதோ கொடுத்துவிட்டிருக்கிறார் என்று அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் திருநீற்று டப்பா மேல் வைத்து எட்டு நாள் விளக்கேற்றினேன். ஒன்பதாம் நாள் நீ பார்த்தாய். "ஏம்மா, இதெதுக்கு இங்கிருக்குது?" "முனியப்பன் பிரசாதமாட்டம் இருந்துது, அதான் வெச்சேன்." நீ வாயைப் பொத்திக்கொண்டு, "ஆமாம்மா, பிரசாதந்தான்" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாய். உன் கூட்டாளிகள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அம்மா, பிரசாதம் இருக்குதுங்களா?" என்று சிரித்ததையும் மறக்கவில்லை. எந்தெந்தப் பையன் என்பது வரைக்கும் நினைவிருக்கிறது.

ஆனால் கண்ணு, மூன்றாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாசத்தை அதற்கு முன்னால் வேறொரு சட்டையில் நான் முகர்ந்திருக்கிறேன். தெரிந்தும் மீதி ஐந்து நாள் விளக்கேற்றினேன். பிரசாதம் என்று இருந்தால் உன்னை எதுவும் கேட்க வேண்டியதில்லையே. பனியனில் குண்டூசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுகிறவள், என் வீட்டில் கண்டதைத் திருநீற்று டப்பா மேல் வைத்தேன்.

அதற்கப்புறம் ஒரே நாளில் நீ மாறிவிடவில்லை. நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி மட்டும் கெட்டுப்போனால் துணி ஓடிக்கொண்டுதான் இருக்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் மேலிருந்து கீழ்வரை மெல்லிசாக ஒரு கோடு தெரியும். உன்னிடமும் அப்படித்தான். நாலு சாமான் வாங்கச் சொன்னால் இரண்டு வரும். எதற்கும் "அப்பறம்" என்றாய். கட்டிங் மாஸ்டர் ஆன பிறகு ஒரு நாள், சின்ன சைஸ் அளவில் பெரிய சைஸுக்கெல்லாம் கழுத்துக்குத் தைக்கிற ரிப் பட்டியை வெட்டிவிட்டாய். டேபிளைச் சுற்றி அத்தனை பேரும் நிற்க, நீ அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாய். உன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் பாத்ரூமுக்குப் போய்விட்டேன். இன்னொரு நாள் யாழினியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போனவன் எதிர் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டாய். பிள்ளை ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்டுக்கு உள்ளேயே நின்றிருக்கிறது. நான் கத்தினேன். "இப்பத்தானம்மா வந்து உக்காந்தேன், பத்து நிமிசங்கூட ஆவல" என்றாய். நீ பொய் சொல்கிறாய் என்று அன்றைக்கு உன்னை அறையக் கையை ஓங்கினேன். நீ பொய் சொல்லவில்லை. உனக்கு அது பத்து நிமிஷம்தான் என்று பிற்பாடு டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்தது.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது எது தெரியுமா? யாழினிக்குக் காது குத்த நாள் பார்த்த அன்று, எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, நான் பழைய கதையை எடுத்தேன். "உன்ற காதுகுத்துல உங்கத்தை கேட்ட கேள்வி இருக்குதே" என்று நிறுத்தினேன். நீ இடுப்பில் கை வைப்பாய், தலையைச் சாய்ப்பாய் என்று காத்திருந்தேன். நீ செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, "அத்தை என்ன கேட்டாங்கம்மா?" என்றாய். அடுப்படிக்குள் போய் வெறும் பாத்திரத்தைத் திரும்பக் கழுவினேன். என் சாட்சி என்னை விட்டுப் போய்விட்டான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

போன ஐப்பசியில் நடந்தது உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று தெரியவில்லை. அயர்னிங் செக்‌ஷனில் எல்லோரும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றாய். போன் கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டினாய். கவிதா போட்ட சோற்றில் என்னவோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளினாய். ஃபேன் சத்தத்துக்குள்ளே யாரோ உன் பேரைச் சொல்கிறார்கள் என்று ஃபேனை நிறுத்திவிட்டு வேர்த்து வேர்த்து உட்கார்ந்திருந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இல்லாமல் நான் யாருக்குப் போன் பண்ணினேன் தெரியுமா? உன் அத்தைக்குத்தான். கட்டியிருந்த சேலையோடு மொபெட்டில் வந்து நின்றாள்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. கம்பெனி ஆட்களையே பார்த்துப் பார்த்துப் பழகினவள் போலிருக்கிறது, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "மூளைங்கறது ஒரு புரொடக்‌ஷன் லைனாட்டம்னு வெச்சுக்குங்கம்மா. இங்க வேகமாப் போ, அங்க மெதுவாப் போன்னு சொல்றதுக்கு ஒடம்பே அங்கங்க சூப்பர்வைசரை வெச்சிருக்குது. கஞ்சா போயி அந்தச் சேர்ல உக்காந்துக்குது. எந்திரிக்கிறதில்ல. புதுசா வர்ற சேதியை எழுதி வெக்கற எடத்துலதான் அந்தச் சேருங்க நெறைய. அதுனால மொதல்ல ஞாபகம் தப்பும், கவனம் நிக்காது, நேரம் தெரியாது." லைன் கட்டி முடிவதற்கே இருபத்தைந்து வயது வரைக்கும் ஆகும், பாதி கட்டும்போதே ஆள் மாறி உட்கார்ந்தால் சேதம் எச்சு என்றாள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "திரும்ப வருங்களா?" "சுத்தமா விட்டுட்டா பெரும்பாலும் கொஞ்சங் கொஞ்சமா வரும்மா. முழுசா வருமான்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா வரும்."

அப்புறம் அவள் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டாள்: "உங்க குடும்பத்துல யாருக்காச்சும் மனசு சம்பந்தமான நோய் இருந்துதுங்களா? காதுல கொரல் கேக்கறது, சந்தேகம், ஊட்டை விட்டுப் போறது?" உன் அத்தை என் தோள் பக்கத்தில் நிற்கிறாள். நான் சொன்னேன்: "எங்க குடும்பத்துல அப்பிடி ஒருத்தரும் இல்லீங்க." டாக்டரம்மா எழுதிக்கொண்டாள்.

கண்ணு, உன் மாமனுக்கு பெங்களூரில் வேலை இல்லை. அவன் பெங்களூருக்குப் போனதே இல்லை.

உன் மாமன் செல்வராசு எனக்கு இரண்டு வயது சின்னவன். திருமுருகன்பூண்டியில் ஒரு சிற்பப் பட்டறையில் கல் கொத்தப் போனான். நல்ல கை. பதினெட்டு வயதிலேயே விரல் நகம் முதற்கொண்டு செதுக்குவான். அங்கே வந்துபோகிறவர்கள் யாரோ பழக்கிவிட்டார்கள். அவன் சட்டையைத் துவைக்கும்போது கல்தூசியும் அந்த வாசமும் சேர்ந்து வரும். முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. "அக்கா, இந்தக் கல்லு என்றகூடப் பேசுது" என்பான். "என்ன சொல்லுது? கூலி கேக்குதா?" என்று நான் சிரிப்பேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை. சோற்றில் கலந்திருக்கிறது என்றான். என் அப்பா, உன் அப்புச்சி, அவனைக் கட்டிவைத்து அடித்தார். வைகாசியில் ஒரு நாள் காலையில் வெளியே போனவன் திரும்பவில்லை. ஆவணியில் எனக்குக் கல்யாணம். என் அம்மா, உன் அம்மாயி, என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள்: "கிறுக்கன் பொறந்த ஊடுன்னு தெரிஞ்சா உன்னை யாரும் எடுக்கமாட்டாங்க. கேட்டா பெங்களூர்னு சொல்லு." சொன்னேன். தாலி கட்டின அன்று சொன்னேன், உன் காதுகுத்தில் சொன்னேன், டாக்டரம்மாவிடம் அவனே இல்லை என்று சொல்லிவிட்டேன். இதுதான் என் இரண்டாவது தப்பு. முதல் தப்பும் இதிலிருந்து வந்ததுதான்.

பழனிக்கு நடந்து போகிற கூட்டத்தில் தாடி வைத்த ஒவ்வொரு முகத்தையும் இன்றைக்கும் நான் குனிந்து பார்க்கிறேன். நீ பெருமாநல்லூர் போன பிறகு பஸ் ஸ்டாப்பிலும் அப்படிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரைத் தேட எனக்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததும் முடிவு பண்ணினேன். திங்கட்கிழமை உன் அத்தையைக் கூப்பிட்டேன். நான் பொய் சொன்னபோது கூட நின்றவள், உண்மையைச் சொல்லும்போதும் நிற்கட்டும் என்றுதான். டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. பழைய சீட்டை எடுத்து அடித்து எழுதினாள். செல்வராசுக்கு அது கஞ்சாவால் வந்ததா, இரத்தத்தில் இருந்து வந்ததா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாதாம். "ஆனா ஒண்ணு சொல்றேம்மா. குடும்பத்துல இப்பிடி இருந்தா மத்தவங்களைவிட இவங்களுக்கு ஆபத்து எச்சு. ஏற்கெனவே ஒருக்கா கொரல் கேட்டிருச்சு. கூட இழுக்கற நாலு பேருக்கு ஒண்ணும் ஆகாம இருக்கலாம். இவருக்கு ஒண்ணுகூடக் கூடாது. மாத்திரையை அவரா நிறுத்தவும் கூடாது. வியாழக்கிழமை கூட்டிக்கிட்டு வாங்க." உன் ரூம் பசங்களோடு உன்னை ஒப்பிட்டுப் பார்க்காதே கண்ணு. அவர்களுக்கு செல்வராசு மாமன் இல்லை. உனக்கு இருந்தான்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். உன் அத்தை இப்போது கேட்பாள், இத்தனை வருஷம் எங்களை ஏமாத்திட்டீங்களே என்று கேட்பாள் என்று நான் பதிலை வாயில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினாள். "எனக்குத் தெரியுமுங்க அண்ணி" என்றாள்.

எங்கள் கல்யாணத்தன்று அவளுக்குப் பதினாலு வயது. சமையல் பந்தலுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறாள். வேலியோரம் ஒருத்தன் நின்றிருந்தானாம். தலை முழுக்க வெள்ளைத் தூசி. யாருங்க என்று கேட்டிருக்கிறாள். "நான் பொண்ணுக்குத் தம்பி" என்றானாம். "உள்ள வாங்க." "வேண்டாம், அக்காளுக்குக் கேவலம். அக்கா என்ன கலர் சீலை கட்டியிருக்குது, அதை மட்டும் சொல்லு." இவள் "அரக்குங்க" என்றாளாம். அவன் சிரித்தானாம். இலை போட்டுச் சோறு போட்டிருக்கிறாள். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இலையை மடித்து அவனே எடுத்துப் போட்டுவிட்டுப் போனானாம்.

"ஏன் என்றகிட்டச் சொல்லல?" என்று கத்திவிட்டேன். பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்க பெங்களூர்னீங்க. சொன்னா உங்களுக்குக் கேவலம்னு அவரே சொன்னாரு. காதுகுத்துல கேட்டது குத்திக் காட்டறதுக்கு இல்லீங்க அண்ணி. மாமன் மடின்னு கேட்டா இப்பவாச்சும் போயித் தேடிக் கூட்டிக்கிட்டு வருவீங்கன்னுதான் கேட்டேன். நீங்க எங்க ஊட்டுல தண்ணி குடிக்கறதோட நிறுத்திக்கிட்டீங்க."

அவளை நான் முழுசாக மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அத்தனை பேர் முன்னால் கேட்டிருக்க வேண்டாம். ஆனால் அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய் இரண்டு தோசை சாப்பிட்டேன்.

நான் இந்தப் பொய்யைச் சுமக்காமல் இருந்திருந்தால் அந்தப் பொட்டலத்தை அன்றே உன் முன்னால் வீசி, உன் மாமன் கதையைச் சொல்லியிருப்பேன். நீ கேட்டிருப்பாயா, தெரியாது. கேட்கிற வாய்ப்பை நான் உனக்குக் கொடுக்கவில்லை. அந்த ஆதங்கத்தோடுதான் இருக்கிறேன்.

ஒன்று மட்டும் என்னை இழுத்துப் பிடித்து நிறுத்துகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நீ அதைத் தொடாமல் இருந்த நாலாவது மாதம், நான் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். நீ பின்னால் வந்து நின்று, "முனியப்பன் பிரசாதம் வெக்கலயாம்மா?" என்றாய். சிரித்தாய். நான் முறைத்தேன். ஆனால் உள்ளுக்குள்ளே எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? போனது திரும்பி வருகிற வழி தெரிந்துகொண்டது போல இருந்தது. அந்த வழியை ஞாயிற்றுக்கிழமைகளில் அடைக்காதே.

வியாழக்கிழமை லீவு போடு. அவிநாசி பஸ் ஸ்டாண்டில் நானும் உன் அத்தையும் நிற்போம். இந்தக் கடிதத்தை எடுத்துவராதே, ரூமிலேயே வைத்துவிட்டு வா. நீ இறங்கியதும் நான் கேட்பேன்: உன் மாமன் வேலியோரம் நின்று என்ன கேட்டான், உன் அத்தை என்ன சொன்னாள்? பழையபடி இடுப்பில் கை வைத்துச் சொல். நடுவில் தப்பினால் தப்பட்டும். நான் எடுத்துக் கொடுக்கிறேன், நீ மறுபடியும் முதலிலிருந்து சொல்.

அம்மா